‘அடங்க மறுத்தான்’ என்று எழுதியது நான்தான்

போன வாரம் எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், புது வீடு பார்க்கிறோம், எந்தப் பள்ளி எல்லைக்குள் பார்க்கலாம் என்று கேட்டிருந்தார். டாலஸ் புறநகரில் வாரம் தவறாமல் வருகிற கேள்விதான். பத்துப் பேர் பதில் போட்டார்கள். அதில் ஒரு பதில் இது: "அந்த ஸ்கூல் மட்டும் வேண்டாங்க. சஸ்பென்ஷன் ரொம்ப ஜாஸ்தி. பசங்க சரியில்லை." அதற்கு நாலைந்து லைக்கும் விழுந்தது.

அவர் சொன்ன பள்ளியில் நான் மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறேன். குழுவிலேயே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனதால் நிறுத்திவிட்டு இங்கே வந்துவிட்டேன். அந்த சஸ்பென்ஷன் எண் எப்படி உருவாகிறது என்று உள்ளே நின்று பார்த்தவள் நான். அதை உருவாக்கிய கைகளில் என் கையும் ஒன்று.

கரூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு வருடம் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். 2011இல் கணவரின் வேலை விசாவோடு இங்கே வந்தபோது வேலை செய்ய எனக்கு அனுமதி கிடையாது. கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர்களின் துணைகளும் வேலை செய்யலாம் என்ற விதி 2015 மே மாதம் அமலுக்கு வந்தது. 2016 ஆகஸ்டில் ஒரு அரசுப் பள்ளியில் சிறப்புக் கல்விப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தேன். இங்கே அந்த வேலைக்கு ‘பாரா’ என்று பெயர். வகுப்பில் ஆசிரியர் பாடம் நடத்துவார். எனக்கு ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் பக்கத்தில் இருந்து, அவர்கள் தடுமாறும்போது கை கொடுப்பது என் வேலை. சம்பளம் குறைவு. ஆனால் ஒரு பிள்ளையோடு நாள் முழுக்க இருக்கிற ஆள் அந்தக் கட்டடத்தில் பாரா ஒருத்திதான்.

2018இல் ஐந்தாம் வகுப்பில் எனக்கு இரண்டு பையன்கள். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒருவனுக்குச் சுறா மீன் என்றால் உயிர். இன்னொருவனுக்கு லிஃப்ட். அதனால் சுறாப் பையன், லிஃப்ட் பையன் என்றே சொல்கிறேன்.

சுறாப் பையன் வெள்ளைக்காரப் பிள்ளை. நாலு வயதிலேயே வெளியில் காசு கொடுத்துப் பரிசோதித்து, ஆட்டிசம் என்று கையில் அறிக்கையோடு பள்ளிக்கு வந்தவன். அவன் அம்மா ஒவ்வொரு கூட்டத்துக்கும் தடிமனான ஒரு ஃபைலோடு வருவார். லிஃப்ட் பையன் கறுப்பினப் பிள்ளை. இரண்டாம் வகுப்பில், வேறு ஊர்ப் பள்ளியில், அவனுக்கு ‘எமோஷனல் டிஸ்டர்பன்ஸ்’ என்று எழுதியிருந்தார்கள். ஈ.டி. என்பார்கள். மனநிலை, நடத்தை தொடர்பான குறைபாடு என்று பொருள். அந்த இரண்டெழுத்து அவனுக்கு முன்னாலேயே எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆகஸ்டில் முதல் நாள் அவன் வகுப்புக்குள் வருவதற்கு முன்பே, "கொஞ்சம் கவனமா இருங்க, இவன் ஈ.டி." என்று எனக்குச் சொல்லியாகிவிட்டது.

அவன் நோட்டைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பக்கம் பக்கமாக லிஃப்ட் படங்கள். பெட்டி, கம்பி வடம், மேலே கப்பி, எதிர்ப்பக்கம் எடைக்கல். ஓட்டிஸ், ஷிண்ட்லர், கோனே என்று கம்பெனிவாரியாகப் பொத்தான்களின் வடிவத்தைத் தனித்தனியாக வரைந்து வைத்திருந்தான். ஒருநாள் என்னிடம் கேட்டான்: "மிஸ் கலை, எதிர்ப்பக்கக் கல்லை ஏன் காலிப் பெட்டியின் எடைக்குச் சமமாக வைக்கவில்லை?" பெட்டியின் எடையோடு, அது தூக்கக்கூடிய சுமையில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்துத்தான் அந்தக் கல்லை வைப்பார்கள். பாதி ஆட்கள் ஏறியிருக்கும்போது மோட்டாருக்கு வேலை குறைவு. இதை நான் விளக்கியபோது அவன் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. ஆறு வருடம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்திருக்கிறேன், இந்தக் கேள்வியை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

இப்படி ஒரே பொருளில் மூழ்கிப்போகிற பிள்ளை, சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிற பிள்ளை, கால அட்டவணை மாறினால் கலங்கிப்போகிற பிள்ளை. இதே மூன்றும் சுறாப் பையனிடமும் இருந்தன. இரண்டு பேரும் என் இடமும் வலமுமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வேலையில் ஏ-பி-சி தாள் என்று ஒன்று உண்டு. மூன்று கட்டம். சம்பவத்துக்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது. 2019 ஜனவரியில் லிஃப்ட் பையனுக்கு மறுபரிசோதனை வரவிருந்தது. மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்காகத் தாள்களை எல்லாம் அடுக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. பள்ளி விட்ட பிறகு வகுப்பிலேயே உட்கார்ந்தேன். இரண்டு பையன்களின் தாள்களும் ஒரே டப்பாவில் இருந்தன. பிரிப்பதற்காக வாசிக்க ஆரம்பித்தேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. தீயணைப்பு ஒத்திகை மணி. சுறாப் பையன் நாற்காலியைத் தூக்கி எறிந்தான். என் கையெழுத்தில் இருந்தது இது: ‘முன்னால்: அலாரச் சத்தம். செய்தது: சத்தம் தாங்காமல் நிலைகுலைந்து நாற்காலியைத் தள்ளினான். பின்னால்: அமைதி மூலைக்கு அழைத்துப் போனேன். 12 நிமிடத்தில் சரியானான்.’

அதற்கு ஒன்பது நாள் கழித்து இன்னொரு தாள். அன்று திடீரென்று ஜிம்மில் கூட்டம் என்று சொல்லி கணக்கு வகுப்பை ரத்து செய்தார்கள். ஒலிபெருக்கி கரகரவென்று அலறிக்கொண்டிருந்தது. லிஃப்ட் பையன் நாற்காலியைத் தள்ளினான். நான் எழுதியது: ‘முன்னால்: ஒன்றுமில்லை. செய்தது: காரணமில்லாமல் நாற்காலியை எறிந்தான். எச்சரித்தபோது கேட்காதது போல் காதைப் பொத்திக்கொண்டான். அடங்க மறுத்தான். பின்னால்: ஆபீஸுக்கு அனுப்பப்பட்டான்.’

கேட்காதது போல் காதைப் பொத்திக்கொண்டான்.

இந்த வரியை நான் எத்தனை முறை திரும்பத் திரும்ப வாசித்தேன் என்று தெரியாது. ஒருவன் காதைப் பொத்தினால் வலி. இன்னொருவன் காதைப் பொத்தினால் திமிர். எழுதியது ஒரே கை, ஒரே மாதம், ஒரே நீலப் பேனா. மொத்தம் 41 தாள்கள். லிஃப்ட் பையனின் தாள்களில் ‘முன்னால்’ என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘ஒன்றுமில்லை’ என்றே போட்டிருந்தேன். சுறாப் பையனின் தாள்களில் அந்தக் கட்டம் ஒருமுறைகூடக் காலியாக இல்லை.

‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். பெண் பார்க்க வந்தவர்கள்வரை சொல்லியிருக்கிறார்கள். அந்த ‘இருந்தாலும்’ எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நானே பத்து வயதுப் பிள்ளையின் தாளில் அந்த ‘ஒன்றுமில்லை’யை எழுதியிருக்கிறேன். அன்று இரவு வீட்டுக்குப் போய் என் மகனைப் பார்த்தபோது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அவன் கின்டர்கார்டனில் ஒரு பிள்ளையைக் கீழே தள்ளிவிட்டபோது அவன் ஆசிரியை எனக்கு போன் செய்தார். "இன்னைக்கு அவனுக்குத் தூக்கம் போதலையோ?" என்று கேட்டார். அவனுக்குக் கிடைத்தது அந்தக் கேள்வி.

அப்புறம் நான் ஆசிரியர் சான்றிதழ் படிப்பில் சேர்ந்தபோது, இது என் ஒருத்தியின் தவறு மட்டும் இல்லை என்று தெரிந்தது. அதனால் ஆறுதல் எதுவும் வரவில்லை. ரஸ்ஸல் ஸ்கிபா என்ற ஆராய்ச்சியாளர் ஒரு பெரிய நகரத்தின் 19 நடுநிலைப் பள்ளிகளின் பதிவுகளை வைத்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளை ஏன் ஆபீஸுக்கு அனுப்பினார்கள் என்று பார்த்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் போனது புகை பிடித்தது, பொருளை உடைத்தது, சொல்லாமல் வெளியே போனது, கெட்ட வார்த்தை பேசியது போன்றவற்றுக்கு. கறுப்பினப் பிள்ளைகள் போனது மரியாதைக் குறைவு, அதிக சத்தம், மிரட்டல், சும்மா சுற்றிக்கொண்டிருந்தது போன்றவற்றுக்கு. புகை பிடித்தானா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். மரியாதைக் குறைவு என்பதைப் பார்க்கிறவர்தான் முடிவு செய்கிறார்.

2016இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் குழு செய்த சோதனை இன்னும் கூர்மையானது. மழலையர் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வீடியோவைக் கொடுத்து, குறும்பு ஆரம்பிக்கிறதா என்று கவனிக்கச் சொன்னார்கள். திரையில் கறுப்பினப் பையன், சிறுமி, வெள்ளைப் பையன், சிறுமி என நாலு பிள்ளைகள். யாரும் எந்தக் குறும்பும் செய்யவில்லை. கண் எங்கே போகிறது என்று அளக்கும் கருவி வைத்துப் பார்த்ததில், அதிக நேரம் ஆசிரியர்களின் பார்வை நின்றது கறுப்பினப் பையன் மேல். அந்த வயதுப் பிள்ளைகளையும் சஸ்பெண்ட் செய்வார்களா என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள். செய்வார்கள். மத்திய கல்வித் துறையின் 2017-18 கணக்குப்படி மழலையர் பள்ளியில் கறுப்பினக் குழந்தைகள் 18.2 சதவீதம், சஸ்பெண்ட் ஆனவர்களில் 43.3 சதவீதம். நாலு வயதுக் குழந்தைகள்.

எங்கள் டெக்சாஸில் 2011இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து பின்தொடர்ந்தார்கள். கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் ஒருமுறையாவது சஸ்பெண்டோ வெளியேற்றமோ ஆகியிருந்தார்கள். அந்த நடவடிக்கைகளில், சட்டப்படி எடுத்தே ஆக வேண்டும் என்றிருந்தவை வெறும் 3 சதவீதம். மீதி எல்லாம் பள்ளியின் விருப்பம். வாட்ஸ்அப் நண்பர் சொன்ன ‘சஸ்பென்ஷன் ஜாஸ்தி’யை நான் வாசிக்கிற விதம் இதனால்தான் வேறு.

லிஃப்ட் பையனுக்கு வருகிறேன். அந்த வருடம் பதிவேட்டில் அவனுடைய சஸ்பென்ஷன் எட்டு நாள்தான். எட்டு என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சிறப்புக் கல்வியில் இருக்கும் பிள்ளையை ஒரு வருடத்தில் பத்து நாளுக்கு மேல் வெளியே வைக்கப் போனால் சட்டம் விழித்துக்கொள்ளும். அவன் செய்தது குறைபாட்டால் வந்ததா என்று பள்ளி கூட்டம் போட்டு ஆராய வேண்டிவரும். அதனால் எட்டு, ஒன்பதில் எண்ணிக்கை நின்றுவிடும். பிள்ளை மட்டும் தொடர்ந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பான். எப்படி? "அவனுக்கு இன்னைக்கு நாள் சரியில்லை, வந்து கூட்டிட்டுப் போக முடியுமா?" என்று அம்மாவுக்கு ஒரு போன். பதினோரு மணிக்கு அவர் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போவார். பதிவேட்டில் ‘சீக்கிரம் கிளம்பினான்’ என்று இருக்கும். சஸ்பென்ஷன் என்ற சொல்லே இருக்காது. இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பள்ளியின் எண் குறைய வேண்டும் என்று மேலிருந்து வருகிற அழுத்தம் இந்த வழியாகக் கீழே இறங்குகிறது. 2022 ஜூலையில் மத்திய கல்வித் துறை, இப்படி அனுப்புவதும் வெளியேற்றம்தான் என்று வழிகாட்டுதலில் தெளிவாக எழுதியது.

அவன் அம்மா ஒரு மருத்துவமனையில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். நீல நிறச் சீருடையோடு, மூச்சு வாங்க வந்து நிற்பார். மணிக்கணக்குக் கூலி. கிளம்பினால் சம்பளம் போச்சு. ஒருநாள் நான் பையை எடுத்துக் கொடுக்கப் போனபோது, கைப்பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பைரல் நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன் என்று தெரிந்ததும் அவரே காட்டினார். தேதி, போன் வந்த நேரம், பேசியவர் பெயர், தான் வந்து சேர்ந்த நேரம். 17 வரிகள். "மிஸ் கலை, என் அம்மாவும் எனக்கு இப்படித்தான் எழுதி வைத்திருந்தார்" என்றார்.

பிப்ரவரியில் அவன் தள்ளிய மேஜை ஆசிரியை ஒருவரின் காலில் பட்டுக் கன்றிப்போனது. 30 நாள் மாற்றுப் பள்ளி என்றார்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்களை அனுப்பும் தனிக் கட்டடம் அது. பத்து வயதுப் பையன். இப்போது சட்டப்படி அந்தக் கூட்டத்தைப் போட்டே ஆக வேண்டும், பத்துப் பள்ளி நாட்களுக்குள். அதில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். செய்தது குறைபாட்டோடு நேரடித் தொடர்புள்ளதா? அல்லது அவனுக்கென்று எழுதிய ஐ.இ.பி. என்கிற தனிக் கல்வித் திட்டத்தைப் பள்ளி நிறைவேற்றாததால் வந்ததா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் அவனை அனுப்ப முடியாது. ஆயுதம், போதைப்பொருள், பெரிய காயம் போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. கன்றிப்போன கால் அதில் வராது.

பாராக்களை அந்தக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் பிள்ளையை அறிந்தவர் யாரையும் பெற்றோர் அழைக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அவன் அம்மா என்னைக் கேட்டார். சொல்லித்தான் ஆக வேண்டும்: எனக்குப் பயமாக இருந்தது. வேலை அனுமதி அட்டையை விசாவோடு சேர்த்துப் புதுப்பித்துக்கொண்டிருந்த சமயம். கணவரிடம் பேசினேன். "நீ எழுதின தாள்தானே, நீயே போய் வாசிச்சிடு" என்றார்.

வாசித்தேன். அவனுடைய தாள்களை மட்டும். ‘முன்னால்: ஒன்றுமில்லை’ என்று நான் எழுதியிருந்த ஒவ்வொன்றுக்கும் அன்றைய கால அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, உண்மையில் என்ன நடந்தது என்று சொன்னேன். ஒலிபெருக்கி. மாற்று ஆசிரியர். ரத்தான கணக்கு வகுப்பு. பிப்ரவரி சம்பவத்துக்கு முன்னால், கேன்டீனில் புதுசாக வைத்திருந்த விசில். "இவை நான் தவறாக எழுதியவை" என்றும் சொன்னேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவன் அம்மா அந்த ஸ்பைரல் நோட்டை மேஜைமேல் வைத்தார். அதற்குள் 19 வரிகள் ஆகியிருந்தன. பள்ளி மாவட்டத்திலிருந்து, அதாவது ஊர்ப் பள்ளிகளை எல்லாம் நடத்தும் நிர்வாகத்திலிருந்து, வந்திருந்த அதிகாரி அதை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து நிதானமாக வாசித்தார். கூட்டத்தின் திசை மாறியது அந்த இடத்தில்தான். எட்டும் பத்தொன்பதும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மாற்றுப் பள்ளிக்கு அவன் போகவில்லை. மறுபரிசோதனையில் ஆட்டிசத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். மே மாதம் அறிக்கை வந்தது. ஆட்டிசம்தான். ஈ.டி. என்ற எழுத்து போனது. காதுக்கு ஹெட்ஃபோன், காலையில் அன்றைய அட்டவணைப் படம், மாறினால் பத்து நிமிடம் முன்னால் சொல்வது. இவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. செலவு நாற்பது டாலர் ஆகியிருக்கும். இதற்கு மூன்று வருடமும் எத்தனையோ பள்ளி நாட்களும் போயிருந்தன. அவன் ஒருவன் கதை இல்லை இது. பிலடெல்ஃபியாவில் ஏழைக் குடும்பங்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2002இல் வந்த ஆய்வில், ஆட்டிசம் என்று கண்டறியும்போது வெள்ளைப் பிள்ளைகளின் சராசரி வயது 6.3, கறுப்பினப் பிள்ளைகளுக்கு 7.9. ஒன்றரை வருடத்துக்கும் மேல் வித்தியாசம்.

‘சிறப்புக் கல்விக்குள் கறுப்பினப் பிள்ளைகளை அள்ளிப் போடுகிறார்கள்’ என்பது பழைய குற்றச்சாட்டு, அதற்கு ஆதாரம் உண்டு. 1971இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆறு கறுப்பினப் பிள்ளைகளின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அந்த ஊர்ப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் 28.5 சதவீதம். ‘மனவளர்ச்சி குன்றியவர்கள்’ வகுப்பில் அவர்கள் 66 சதவீதம். ஐ.க்யூ. தேர்வை வைத்து அனுப்பியிருந்தார்கள். கறுப்பின உளவியலாளர்கள் அதே பிள்ளைகளுக்குக் கேள்விகளை அவர்களுக்குப் புரியும் பேச்சில் கேட்டபோது மதிப்பெண் ஏறிவிட்டது. ‘உன்னைவிட ரொம்பச் சின்னப் பையன் உன்னோடு சண்டைக்கு வந்தால் என்ன செய்வாய்?’ என்று ஒரு கேள்வி அந்தத் தேர்வில் இருந்தது. சரியான பதில் ஒன்றுதான் என்று யார் முடிவு செய்தது? 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்கம் அந்த வகுப்புகளுக்கு அனுப்ப ஐ.க்யூ. தேர்வைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அடுத்த வருடமே சிகாகோவில் இன்னொரு நீதிபதி, கேள்விகளை ஒவ்வொன்றாக அலசிவிட்டு, ஒருதலையானவை மிகச் சில என்று நேர்மாறாகச் சொன்னார்.

இன்றைக்கும் இந்த வாதம் முடியவில்லை. பால் மார்கன், ஜார்ஜ் ஃபார்கஸ் ஆகியோரின் 2015 ஆய்வு, ஒரே அளவு மதிப்பெண்ணும் ஒரே குடும்பச் சூழலும் உள்ள பிள்ளைகளை ஒப்பிட்டால் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உதவி குறைவாகத்தான் கிடைக்கிறது என்றது. முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு லிஃப்ட் பையனை நினைத்துக்கொண்டேன். ஈ.டி. கணக்கில் அவன் தேவையில்லாமல் சேர்ந்த ஒருவன். ஆட்டிசக் கணக்கில் விடுபட்ட ஒருவன். ஒரே பிள்ளை இரண்டு பக்கமும் தவறாக எண்ணப்பட்டிருக்கிறான். சட்டத்தில் குறைபாடுகள் 13 வகை. காது கேளாமை, பார்வையின்மை போன்றவற்றில் இந்த அளவு ஏற்றத்தாழ்வு வருவதில்லை. ஈ.டி., அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு மாதிரி பள்ளியில் யாரோ பார்த்துத் தீர்மானிக்கிற வகைகளில்தான் வருகிறது.

எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸே உதாரணம். 2004இல் மாநிலக் கல்வித் துறை, மொத்த மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருந்தால் அந்தப் பள்ளி மாவட்டத்துக்குக் கெட்ட மதிப்பெண் என்று ஒரு அளவுகோல் வைத்தது. மாவட்டங்கள் பிள்ளைகளைப் பரிசோதிப்பதையே தவிர்க்க ஆரம்பித்தன. 2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை இதை வெளிக்கொண்டு வந்தது. நாடு முழுக்க சராசரி 13 சதவீதம் இருக்கும்போது இங்கே 8.5இல் நின்றது. அது சட்டமீறல் என்று 2018 ஜனவரியில் மத்திய அரசு சொன்னது.

மத்திய விதி வேறு மாதிரி. ஓர் இனத்துப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட எத்தனை மடங்கு என்று பார்ப்பார்கள். நூறு கறுப்பினப் பிள்ளைகளில் ஆறு பேர் ஈ.டி., மற்ற நூறு பேரில் இரண்டு பேர் என்றால், மூன்று மடங்கு. மாநிலம் வைத்திருக்கும் வரம்பை அது தாண்டினால், மாவட்டம் தன் மத்திய சிறப்புக் கல்விப் பணத்தில் 15 சதவீதத்தை, முளையிலேயே பிரச்சினையைப் பார்த்து உதவுவதற்கு ஒதுக்கியாக வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒரே முறையில் கணக்கிட வேண்டும் என்ற விதி 2016 டிசம்பரில் வந்தது, 2018இல் தள்ளிப்போடப்பட்டது, தள்ளிப்போட்டது செல்லாது என்று 2019 மார்ச்சில் நீதிமன்றம் சொன்னது. ஒழுங்கு நடவடிக்கையில் இன வேறுபாடு காட்டக் கூடாது என்று 2014 ஜனவரியில் ஒபாமா அரசு அனுப்பிய கடிதம் 2018 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. 2025 ஏப்ரலில் வந்த அதிபர் ஆணை, இன விகிதக் கணக்கை வைத்துப் பள்ளிகளைக் கேட்பதற்கே எதிராக நிற்கிறது. வாஷிங்டனில் ஆட்சி மாறும்போதெல்லாம் இந்தக் கதவு திறந்து மூடுகிறது. வகுப்பில் தாள் எழுதுகிறவளின் கையில் பேனா அப்படியேதான் இருக்கிறது.

இப்போது நான் சான்றிதழ் பெற்ற ஆசிரியை. என் வகுப்புக்கு வருகிற பாராக்களுக்கு முதல் நாளே ஒன்று சொல்கிறேன்: கேமரா வைத்திருந்தால் எது தெரியுமோ அதை மட்டும் எழுதுங்கள். ‘நாற்காலியைத் தள்ளினான், இரண்டடி நகர்ந்தது, இரண்டு கையாலும் காதைப் பொத்தினான்.’ மறுத்தான், முறைத்தான், திமிர் என்ற சொற்கள் தாளில் வரக் கூடாது. ‘முன்னால்’ கட்டத்தை ‘ஒன்றுமில்லை’ என்று யாரும் விடக் கூடாது. தெரியவில்லை என்றால் மணி, இடம், பக்கத்தில் யார், என்ன சத்தம் என்று எழுத வேண்டும். மாத முடிவில் எல்லாத் தாள்களையும் பெயரை மறைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து வாசிக்கிறோம். எந்தத் தாள் எந்தப் பிள்ளையுடையது என்று சொற்களை வைத்தே கண்டுபிடிக்க முடிந்தால், அந்தத் தாளை எழுதியவரோடு உட்கார்ந்து பேசுகிறேன்.

நம் ஆட்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சிறப்புக் கல்வி பெறுகிறவர்கள் பூர்வகுடிப் பிள்ளைகளில் சுமார் 19 சதவீதம், கறுப்பினப் பிள்ளைகளில் 17, ஆசியப் பிள்ளைகளில் 8. அந்த 8ஐப் பார்த்துச் சந்தோஷப்படுகிற தமிழ்ப் பெற்றோரை எனக்குத் தெரியும். ‘பேச்சு லேட்டாத்தான் வரும், அவங்க அப்பாவும் அப்படித்தான்’ என்று ஐந்து வயதுவரை தள்ளிப்போடுகிறவர்களையும் தெரியும். அமைதியாக, கணக்கில் நன்றாக இருக்கும் ஆசியப் பிள்ளை என்றால் ஆசிரியரும் எதையும் தேடமாட்டார். எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். ஒரு ஈமெயில் போதும், ‘என் பிள்ளையைச் சிறப்புக் கல்விக்காகப் பரிசோதிக்கக் கோருகிறேன்’ என்று, தேதியோடு. வாய்வார்த்தையாகக் கேட்டது காற்றோடு போய்விடும். இதை அந்த அம்மாவின் ஸ்பைரல் நோட்டிலிருந்து கற்றுக்கொண்டேன்.

அவரோடு இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறது. ஏழாம் வகுப்பில் வேறு பள்ளியில் மறுபடியும் மாற்றுப் பள்ளிப் பேச்சு வந்ததாம். அதற்குள் அவர் மூன்றாவது நோட்டில் இருந்தார்.

குழுவில் கேட்டவருக்கு நேற்று இரவு தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். அந்தப் பள்ளியில் நான் வேலை பார்த்திருக்கிறேன், நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள், நேரில் போய்ப் பாருங்கள் என்று எழுதினேன். எந்தப் பள்ளிக்குப் போனாலும் அங்கே முதல்வரிடம் இதையும் கேளுங்கள் என்று சேர்த்தேன்: பதினோரு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்புகிற பிள்ளைகளை நீங்கள் எந்தக் கணக்கில் எழுதுகிறீர்கள்?